அருங்காட்சியகமும் நம் பிள்ளைகளின் படிப்பும்

பெங்களூரில் பள்ளிச் சுற்றுலா என்றால் வழக்கமான பாதை ஒன்று உண்டு. காலையில் விசுவேசுவரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம், அதை அடுத்துள்ள அரசு அருங்காட்சியகம், பிற்பகலில் நேரு கோளரங்கம், திரும்பும் வழியில் விதான சௌதா முன் ஒரு புகைப்படம். எண்பது பிள்ளைகளுக்கு நான்கு ஆசிரியர்கள். "வரிசையாக வா", "தொடாதே", "சீக்கிரம் நட" என்ற மூன்று கட்டளைகளிலேயே பொழுது போய்விடும். மாலையில் வீடு திரும்பிய பிள்ளையிடம் என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். "நிறையப் பார்த்தோம்" என்பான். அந்த "நிறைய" என்பதில்தான் கோளாறு இருக்கிறது.

ஒரு முறைக்கு ஒரு பொருள் போதும் என்பது என் கருத்து. ஒரு மணி நேரம் ஒரே பொருளின் முன் பிள்ளைகளை உட்கார வைக்க முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். முடியும், ஆனால் பொருளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மிகவும் பொருத்தமானது என்று நான் கருதுவது, கஸ்தூரிபா சாலை அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஆதகூர்க் கல்.

கல்லைப் பற்றிச் சொல்லும் முன் அந்த இடத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை 1851-இல் முதன்முதலாகப் பொறுப்பேற்று நடத்திய மருத்துவர் எட்வர்ட் பால்ஃபர்தான், 1865-இல் பெங்களூர் அருங்காட்சியகம் தோன்றவும் காரணமானவர். இன்றுள்ள சிவப்புக் கட்டடம் 1877-இல் எழுந்தது. பால்ஃபருக்கு மக்களின் மனம் தெரியும். சென்னையில் கற்களையும் சிப்பிகளையும் பார்க்க வருவதைவிட, அங்கே உயிரோடு வைத்திருந்த சிறுத்தையையும் புலியையும் பார்க்கக் கூட்டம் கூடுவதைக் கவனித்து, 1855-இல் அருங்காட்சியக வளாகத்திலேயே ஒரு விலங்குக் காட்சிசாலையைத் தொடங்கிவிட்டார். பிள்ளைகளை இழுக்க ஒரு விலங்கு வேண்டும் என்பது அன்றே தெரிந்த உண்மை. நம் கல்லில் இரண்டு விலங்குகள் இருக்கின்றன: ஒரு நாய், ஒரு காட்டுப் பன்றி.

கல் சொல்லும் செய்தி

மண்டியா மாவட்டம் மத்தூர் வட்டத்தில் உள்ள ஆதகூர் என்ற ஊரில், சல்லேசுவரர் கோயிலுக்கு முன் நின்றிருந்த கல் இது. காலம் கி.பி. 949-50. எழுத்தும் மொழியும் பழங்கன்னடம். நாயும் பன்றியும் மோதும் சிற்பத்தைச் சூழ எழுத்துகள் வெட்டப்பட்டுள்ளன.

இந்தக் கன்னடக் கல்லில் சோழ நாட்டு வரலாற்றின் ஒரு பெரிய துயரம் பதிவாகியிருக்கிறது. முதலாம் பராந்தக சோழனின் மகன் ராஜாதித்தன் தக்கோலத்தில் போரிட்டு மாண்ட செய்திதான் அது. (சென்னைக்குக் குடிநீர் தரும் வீராணம் ஏரி, வீரநாராயணன் என்ற பராந்தகனின் பட்டப்பெயரால் வழங்குவது. பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் பராந்தகன் சற்று அருகில் வந்துவிடுவான்.) தக்கோலம் இன்றைய ராணிப்பேட்டை மாவட்டத்தில், அரக்கோணத்தை அடுத்துள்ளது. எதிர்ப்பக்கத்தில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன். அவனுக்குத் துணையாக வந்தவன் அவன் மைத்துனனான கங்க மன்னன் பூதுகன். ராஜாதித்தனைக் கொன்றவன் பூதுகனே என்று இந்தக் கல் கூறுகிறது. அந்த வெற்றிக்காகக் கிருஷ்ணன் அவனுக்கு வனவாசி நாடு முதலியவற்றை வழங்கினான்.

பூதுகனின் படையில் மணலேரன் என்று ஒரு வீரன். அவன் போரிட்ட விதத்தைக் கண்டு மகிழ்ந்த பூதுகன், "வேண்டியதைக் கேள்" என்றான். மணலேரன் கேட்டது பொன்னன்று, பொருளன்று; பூதுகனிடம் இருந்த காளி என்ற வேட்டை நாயைக் கேட்டான், பெற்றான். பிறகு ஒரு நாள் பெளத்தூருக்கு மேற்கே ஒரு குன்றில் பெரும் பன்றி ஒன்றின் மேல் அந்த நாயை ஏவினார்கள். நாயும் பன்றியும் ஒன்றையொன்று கொன்று, சேர்ந்தே மாண்டன. நாய்க்கு ஆதகூரில் கல் நாட்டி, அதன் பூசைக்கு நிலமும் விட்டார்கள். அந்த நிலத்தை ஆளும் பூசாரி, கல்லுக்குப் பூசை செய்யாமல் உண்பானாகில் நாயின் பாவத்தை அடைவான் என்று ஒரு கண்டிப்பும் கல்லில் உண்டு. இந்த இடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நடத்தும் முறை

பெரியவர் ஒருவர் முதலில் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். கல் எந்தக் கூடத்தில் இருக்கிறது, முன்னால் எத்தனை பேர் உட்காரலாம், வெளிச்சம் எப்படி என்றெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேல் ஒரே சமயத்தில் வேண்டாம். ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு இது ஏற்றது.

புறப்படுவதற்கு முந்தைய வாரம் தக்கோலப் போரைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். வரைபடத்தில் தஞ்சாவூர், தக்கோலம், தலைக்காடு மூன்றையும் குறிக்கச் சொல்லுங்கள். நாயைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லிவிடாதீர்கள்.

அங்கே போனதும் முதல் பத்து நிமிடம் யாரும் பேசக் கூடாது. பென்சிலால் வரைய வேண்டும். படம் அழகாக வர வேண்டுமென்பதில்லை. வரைகிறவன் கண் சும்மா இருக்க முடியாது என்பதற்காகத்தான் இது. கைப்பேசியில் படம் எடுப்பது எல்லாம் முடிந்த பிறகு, ஒரே ஒரு படம். பெயர்ப்பலகையையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பலகையைப் படித்துவிட்டால் பிள்ளை கல்லைப் பார்ப்பதை நிறுத்திவிடும். பெரியவர்களும் அப்படித்தான்.

பிறகு கேள்விகள். இரண்டு விலங்குகளில் எது நாய், எப்படித் தெரிகிறது? எது வெல்வது போல இருக்கிறது? இவ்வளவு எழுத்து வெட்ட எத்தனை நாள் ஆகியிருக்கும், கூலி யார் கொடுத்திருப்பார்கள்? ஒரு நாய்க்கு ஏன் கல்? விடை சொல்ல அவசரப்பட வேண்டாம். அவர்களிடமிருந்து நாலைந்து விடைகள் வந்த பிறகு மணலேரன் கதையைச் சொல்லுங்கள்.

மொழிப் பாடத்துக்கும் இந்தக் கல் உதவும். நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடம் படிக்கிறார்கள். பலருக்குக் கன்னடம் தேர்வுக்காகச் சுமக்கும் சுமையாகவும், தமிழ் வீட்டுப் பேச்சோடு நின்றுவிட்ட மொழியாகவும் இருக்கின்றன. இரண்டும் எவ்வளவு நெருங்கியவை என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். இன்றைய கன்னடத்தில் பன்றி "ஹந்தி". பழங்கன்னடத்தில் அது "பந்தி". பால் - ஹாலு, புலி - ஹுலி, பத்து - ஹத்து, பல் - ஹல்லு என்று ஒரு பட்டியல் எழுதச் சொன்னால், சொல்லின் முதலில் நின்ற பகரம் பிற்காலத்தில் ஹகரமாக மாறியதைப் பிள்ளைகள் தாமே சொல்லிவிடுவார்கள். நாய் மட்டும் அன்றும் நாய், இன்றும் நாயிதான். இன்னொன்று: நமக்கே உரியது என்று நாம் பெருமைப்படும் ழகரம் பழங்கன்னடத்திலும் இருந்தது, றகரத்துக்கும் தனி எழுத்து இருந்தது. பிறகு அவை இரண்டும் அங்கே வழக்கொழிந்தன. கன்னட நண்பர்களின் பிள்ளைகளையும் சேர்த்து அழைத்துச் சென்றால் இந்தப் பகுதி இரட்டிப்புச் சுவையாக இருக்கும்.

சில பெற்றோர் தயங்குவார்கள். சோழன் தோற்ற கதையையா பிள்ளைக்குக் காட்டுவது என்பார்கள். இதைத்தான் காட்ட வேண்டும் என்பேன். வென்றவன் கல் ஒரு விதமாகச் சொல்கிறது. சோழர் தரப்பின் ஆனைமங்கலச் செப்பேடு, கிருஷ்ணனோடு பொருத ராஜாதித்தன் யானை மேல் இருந்தபடியே எதிரியின் அம்பு நெஞ்சில் தைத்து மாண்டான் என்கிறது. "யானை மேல் துஞ்சின தேவர்" என்று சோழ நாடு அவனை நினைவில் வைத்தது. பூதுகன் ராஜாதித்தனை வஞ்சனையாகக் கொன்றான் என்ற பொருள்படும்படி ஆதகூர்க் கல்லின் ஒரு தொடரைப் படித்த அறிஞர் உண்டு. அது தவறான வாசிப்பு, யானையின் அம்பாரியே போர்க்களமானது என்பதுதான் பொருள் என்று மறுத்தவர்களும் உண்டு. ஒரே சாவுக்கு இரண்டு சாட்சிகள், ஒரு சாட்சியின் சொல்லுக்கே இரண்டு பொருள். வீடு திரும்பியதும் பாதிப் பிள்ளைகள் மணலேரனாகவும், மறுபாதி தக்கோலத்திலிருந்து தப்பி வந்த சோழ வீரனாகவும் ஒரு பக்கம் எழுதட்டும். பாடநூலில் "949 - தக்கோலப் போர்" என்ற ஒரு வரியைப் படித்து மறந்த பிள்ளைக்கு, யாரிடமிருந்து இந்த வரி வந்தது என்று கேட்கத் தோன்றும். தோல்வி என்று வருந்துகிறவர்களுக்கு ஒரு செய்தி: ஏறக்குறைய 55 ஆண்டுகள் கழித்து ராஜராஜனின் படை கங்கர் தலைநகரான தலைக்காட்டைக் கைப்பற்றியது.

அறிவியல் பக்கம்

அடுத்த கட்டடமான விசுவேசுவரய்யா அருங்காட்சியகத்துக்கும் இதே முறைதான். அங்கே 1965-இல் மின்சாரக் கூடத்தோடு பொதுமக்களுக்குக் கதவு திறந்தார்கள். இன்று கூடங்கள் பல. பிள்ளைகள் பொத்தானை அழுத்திவிட்டு, என்ன நடந்தது என்று பார்க்காமலே அடுத்த பொத்தானுக்கு ஓடுவார்கள். அதனால் ரைட் சகோதரர்களின் விமானத்தின் முழு அளவு மாதிரி ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரம் எங்கே? ஓட்டுபவர் எப்படி இருக்கிறார், ஏன் குப்புறப் படுத்திருக்கிறார்? 1903 டிசம்பர் 17 அன்று அது முதல் முறை பறந்தது 12 விநாடி, 120 அடி தூரம். அதன் இறக்கையின் நீளமே 40 அடிக்குச் சற்று அதிகம். மறுநாள் பள்ளி மைதானத்தில் கயிறு பிடித்து இரண்டையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மூன்று இறக்கை நீளம்கூட முதல் பறத்தல் இல்லை! அன்றே நான்காம் முறை 59 விநாடி, 852 அடி பறந்தார்கள். மைதானம் போதாது, தெருவில் அளக்க வேண்டியதுதான்.

கூடம் மூடியிருந்தால்

பழைய கட்டடங்களில் அடிக்கடி பராமரிப்பு வேலை நடக்கும். சில கூடங்கள் மாதக்கணக்கில் மூடியிருக்கும். எனவே அலுவலகத்தில் விசாரிக்காமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். மூடியிருந்தாலும் பாடம் நின்றுவிடாது. இந்த ஊரில் கல் வெளியிலும் இருக்கிறது.

பேகூர் நாகநாதேசுவரர் கோயில் வளாகத்தில் சுமார் கி.பி. 890-ஐச் சேர்ந்த நடுகல் ஒன்றில் பெங்களூரு என்ற பெயர் வருகிறது. ஹொய்சள மன்னன் வீரபல்லாளனுக்கு ஒரு கிழவி வெந்த அவரை கொடுத்ததால் "பெந்தகாளூரு" என்று பெயர் வந்ததாகப் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். அந்த மன்னனுக்கு முன்னூறு ஆண்டு முந்தைய கல்லில் பெயர் இருக்கிறதே, எப்படி என்று கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள்.

தொம்லூர் சொக்கநாதசுவாமி கோயிலிலோ தமிழ்க் கல்வெட்டுகளே உள்ளன. பெயரைக் கேட்டு மதுரைச் சொக்கநாதரை எண்ணிப் போனால் உள்ளே பெருமாள் சேவை சாதிப்பார்! பதின்மூன்றாம் நூற்றாண்டு எழுத்தில் க, ட, ம, ப போன்ற சிலவற்றை நம் பிள்ளைகள் முயன்றால் கண்டுகொள்ளலாம். சுண்ணாம்பு, சாக்பீஸ், எண்ணெய் எதையும் கல்லின் மேல் பூச விடக் கூடாது. மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் எழுத்து தானே தெரியும். பெங்களூர்க் கல்வெட்டுகளை மிதிக் சொசைட்டியினர் அண்மை ஆண்டுகளில் முப்பரிமாண முறையில் பதிவு செய்து வருகிறார்கள். தேய்ந்த எழுத்தைக் கணினித் திரையில் பார்க்க அதுவும் உதவும்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் வழியில் தருமபுரி அகழ்வைப்பகத்தில் இறங்கிப் பார்க்கலாம். நடுகற்கள் அங்கே ஏராளம். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தில் நாட்டிய வட்டெழுத்து நடுகல் ஒன்று உண்டு. அதில் மாண்ட வீரனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயும் இருக்கிறது. இரண்டு கள்வரைக் கடித்த அந்த நாயின் பெயரையும் கல் விடாமல் சொல்கிறது: கோவிவன். காளிக்கு முந்நூறு ஆண்டு மூத்தவன். ஆதகூர்க் கல்லை வரைந்த நோட்டுப் புத்தகத்தைப் பெட்டியில் வைக்க மறக்க வேண்டாம். எதிர்ப்பக்கத்தில் கோவிவனை வரையலாம்.