நேரம் குறையாட்டி ஓட்டத்தை விடலாமா?

ஓடப் பழகும் தம்பி தங்கச்சிமாருக்கு முதல் இரண்டு மாதம் உற்சாகந்தான். வாராவாரம் நேரம் குறையும். பிறகு ஒரு நாள் அந்தக் குறைச்சல் நின்றுபோகும். “எனக்கு இவ்வளவுதான்” என்று சப்பாத்தைக் கழற்றிப் போடுவது அப்போதுதான். நன்றாக ஓடிய ஒரு தங்கச்சி இப்படி நின்றுபோனதை நாங்களே பார்த்தோம்.

இங்கிலாந்தின் ரொஜர் பானிஸ்டர் மருத்துவ மாணவர். ஒரு மைலை நாலு நிமிடத்துக்குள் ஓட ஆசை. அதுவரை யாரும் ஓடியதில்லை. கால் மைல் பத்துத் தடவை, இடையில் இரண்டு நிமிட ஓய்வு, இதுதான் பயிற்சி. 1954 ஏப்ரலில் கால் மைலுக்கு 61 செக்கனில் வந்து நின்றுவிட்டார். எவ்வளவு முயன்றும் குறையவில்லை. ஓட்டத்தை விட்டுவிட்டுச் சில நாள் ஸ்கொட்லாந்தில் மலையேறப் போனார். திரும்பி வந்து ஓடினால் 59! மே 6 இல் ஒரு மைல் 3 நிமிடம் 59.4 செக்கன்.

தினமும் கூடையோடு மலையேறும் நமக்கு மலை ஓய்வாகாது! தேங்கி நின்றால் இரண்டு நாள் ஓடாதீங்க. பிறகு ஒரு வாரம் மணிக்கூடு பார்க்காமல் மெதுவாய் ஓடுங்க. கொப்பியில் நேரத்தோடு, ஏற்றத்தில் எந்த லயத்தடியில் மூச்சு வாங்கியது என்றும் எழுதுங்க. நேரம் குறையாத மாதத்திலும் அந்த இடம் மேலே போய்க்கொண்டிருக்கலாம்.