மிஞ்சிய மாவின் கணக்கு

தம்பிக்கு,

கேலாங் பாத்தா சாப்பாட்டுக் கடைக்காக உன் பங்காளிகளுக்கு நீ எழுதிய பதினோரு பக்கத்தையும் நேற்று ராத்திரி ஒரே மூச்சில் படித்து முடித்தேன். இன்னும் 60,000 ரிங்கிட் போட்டால் கடை நிமிர்ந்துவிடும் என்கிறாய். வாடகை, சம்பளம், கேஸ், எண்ணெய்க் கணக்கெல்லாம் சுத்தம். அதில் உனக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. ஆனால் ‘இதுவரை போட்ட 180,000’ என்று ஒன்பது இடத்தில் எழுதியிருக்கிறாயே, அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிவப்புப் பேனாவை எடுத்து ஒன்பதையும் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.

அந்தக் காசு போய்விட்டதப்பா. பங்காளிகள் கூட்டத்தில் அதற்கு ஓட்டு கிடையாது. இனிப் போடப்போகிற 60,000 என்ன கொண்டுவரும் என்பது மட்டும்தான் பேச்சு. நீயோ செத்த காசை எழுப்பிக் கூட்டிவந்து சாட்சி சொல்லவைக்கிறாய்.

அடுத்த எரிச்சல், நான்காம் பக்கம். ‘பாரஸ்ட் சிட்டியில் ஆள் குடியேறியதும்’ என்று ஆரம்பிக்கிறாய். கடலைத் தூர்த்து நான்கு தீவு, 700,000 பேர், 100 பில்லியன் அமெரிக்க டாலர் என்று பேசிய திட்டம் அது. 2017-இல் சீனா தன் ஆட்கள் வெளியே வீடு வாங்கப் பணம் கொண்டுபோவதை இறுக்கியது. மறு வருஷம் பிரதமர் மகாதீர் அங்கே வெளிநாட்டவருக்கு வீடு விற்கவிடமாட்டேன் என்றார். கொரோனாவில் எல்லையே மூடியது. 2023 அக்டோபரில், அதைக் கட்டிய சீனாவின் கண்ட்ரி கார்டன் கம்பெனியே டாலர் கடனுக்கு வட்டி கட்ட முடியாமல் நின்றது. இப்போது சிறப்பு நிதி மண்டலம், வரிச் சலுகை என்று அரசாங்கம் கைகொடுக்கிறது; நாளைக்கு அந்த ஊர் நிமிர்ந்தாலும் நிமிரும். பத்து வருஷம் காத்திருக்க அவ்வளவு பெரிய திட்டத்துக்கு வசதி இருக்கிறது. ராத்திரி அரைத்த மாவு மறுநாள் சாயங்காலம் வரை காத்திருக்குமா?

நான் எதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று உனக்கே தெரியும். கடை திறப்பு அழைப்பிதழோடு யார் வந்தாலும் “எப்போ மூடுவே?” என்று கேட்கிற கிழவன் என்று ஜொகூர் பாருவில் எனக்குப் பேர். அபசகுனம் என்று எழுந்து போனவர்களும் உண்டு. போகட்டும். உன் பதினோரு பக்கத்தில் எந்த நிலை வந்தால் நிறுத்துவோம் என்று ஒரு வரியாவது இருக்கிறதா?

கோலாலம்பூர்–சிங்கப்பூர் அதிவேக ரயில் ஞாபகம் இருக்கிறதா? 350 கிலோமீட்டர், தொண்ணூறு நிமிஷம். மூவார், பத்து பஹாட், இஸ்கண்டார் புத்திரி என்று நம் மாநிலத்திலேயே மூன்று நிறுத்தம். 2016 டிசம்பரில் கையெழுத்தானது, 2020 டிசம்பர் 31-ஆம் தேதி காலாவதியானது. சிங்கப்பூருக்கு நாம் கட்டிய இழப்பீடு 102.8 மில்லியன் சிங்கப்பூர் டாலர். காப்பிக் கடையில் எல்லாரும் ‘தண்டம்’ என்றார்கள். எனக்கோ அது விலகுவதற்கென்று முன்கூட்டியே பேசி வைத்திருந்த விலையாகத்தான் பட்டது. கட்டினோம், வெளியே வந்தோம். பிரிட்டனும் பிரான்சும் 1962-இல் கான்கார்ட் விமானத்துக்குப் போட்ட ஒப்பந்தத்தில் அப்படி ஒருவர் தனியாக விலக வழியே வைக்கவில்லை. இரண்டே வருஷத்தில் பிரிட்டனில் புது அரசாங்கம் வந்து கைகழுவப் பார்த்தது, முடியவில்லை. கடைசியில் விமானக் கம்பெனிகளில் ஓடியது பதினான்கே விமானம்.

இன்னொன்றையும் கவனி. சிங்கப்பூர்த் தரைப்பாலத்துக்குப் பதிலாக வரவிருந்த வளைந்த பாலத்தை ஆரம்பித்தவர் மகாதீர். 2006 ஏப்ரலில் நிறுத்தியவர் அவருக்குப் பின் பிரதமரான படாவி. மகாதீர் எப்படிக் கொதித்தார் என்று உன் அப்பாவைக் கேள். ஆரம்பித்தவன் கை நிறுத்தாது. அதனால்தான் சொல்கிறேன், அடுப்பு மூட்டுமுன்பே, தலை சூடேறாமல் இருக்கும்போதே, எழுதிவை என்று.

நான் எழுதி வைக்கவில்லை. மாசாயில் வீடியோ கேசட் கடை வைத்திருந்தேன், உனக்குத் தெரியாது. தீபாவளி வாரத்தில் வாசல்வரை வரிசை நிற்கும். பிறகு பசார் மாலாம் இரவுச் சந்தையில் விசிடி வந்தது. இரண்டாயிரம் கேசட் இருக்கிறதே, எப்படி விடுவது என்று நானும் உன்னைப் போலத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும். உன் அண்ணி மத்தியானம் முழுக்கத் தரையில் உட்கார்ந்து, பஞ்சால் துடைத்து, ஒவ்வொன்றையும் திரும்பச் சுற்றி அடுக்குவாள். வாடகைக்கு எடுக்க ஆள் இல்லாத படங்கள்! இன்னும் மூன்று மாசம், இன்னும் மூன்று மாசம் என்று நான்கு வருஷம் ஓட்டினேன். மூன்றாவது வருஷம் அவள் சங்கிலி அடகுக்குப் போனது. திரும்பி வரவில்லை. அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒரு வருஷம் முன்னாடியே மூடியிருப்பேனோ என்னவோ.

இனி உன் பதினோராம் பக்கம். பின்னிணைப்பு என்று பேர் போட்டு ஒளித்து வைத்திருக்கிறாய். பதினான்கு மாசம், நாள் தவறாமல், ராத்திரி மிஞ்சிய மாவை நிறுத்து எழுதியிருக்கிறாய். செவ்வாய் 9 கிலோ, புதன் 7, சனிக்கிழமைகூட 4. பெருநாள், பள்ளி விடுமுறை எல்லாம் ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறாய். நாற்பது வருஷத்தில் இந்த ஊரில் எந்தக் கடைக்காரனும் இப்படி எழுதி நான் பார்த்ததில்லை. பாதி பேர் கல்லாவில் வந்ததை மட்டும் எண்ணுவார்கள். கொட்டியதை எவன் நிறுத்தான்? தம்பி, நீ பெரிய வியாபாரி. இதை எழுதிய கைதான் முதல் பத்துப் பக்கத்தையும் எழுதியதா என்று நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். பங்காளிகளுக்கு இந்த ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வா. கடை வாடகை ஒப்பந்தத்தையும் எடுத்து வா. பாதியில் விட்டால் இரண்டு மாச முன்பணம் போகுமா, மீதி வாடகையும் சேர்ந்து போகுமா என்று உட்கார்ந்து பார்ப்போம். அப்படியே சனிக்கிழமை மிஞ்சுகிற நாலு கிலோவில் ஒரு கிலோ கொண்டுவா. சும்மா வேண்டாம், காசு தருகிறேன். கணக்கில் எழுதிக்கொள்.

அண்ணன்,
ஜொகூர் பாரு