அடைப்பு நீங்கியது, காரணம் நீங்கியதா?

“அடைப்பைத்தான் எடுத்துவிட்டீர்களே, இனி மாத்திரை எதற்கு?” எப்போதும்வென்றான், எட்டயபுரம், கோவில்பட்டி வட்டாரங்களிலிருந்து வரும் இதய நோயாளிகளிடமிருந்து நாங்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. வலி நின்றுவிட்டது, வயலுக்கும் கடைக்கும் போய்வர முடிகிறது. ஆகவே இக்கேள்வி எழுவது இயல்பே. ஆனால் இதற்குத் தவறான விடையைத் தாமே சொல்லிக்கொண்டு மாத்திரையை நிறுத்துவோர், மீண்டும் மாரடைப்புடன் வர நேரிடலாம்.

கண்மாய்க்கு வரும் ஓடையில் ஓரிடத்தில் வண்டலை அள்ளிவிட்டால் நீர் ஓடும். மேட்டிலிருந்து வண்டல் வந்துகொண்டே இருந்தால், அது வேறோரிடத்தில் படியும். ஸ்டென்ட் என்னும் கம்பிவலைக் குழாய், சுருங்கிய ஓரிடத்தை விரித்து வைக்கிறது. இரத்தக் குழாய்களின் உட்சுவரில் கொழுப்புப் படியச் செய்யும் காரணங்களோ உடல் முழுவதும் தொடர்கின்றன.

அக்காரணங்களை அறிய ஐந்து அளவுகள் உதவுகின்றன:

1. இடுப்புச் சுற்றளவு: ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. அல்லது அதற்கு மேல்.
2. இரத்த அழுத்தம்: 130/85 அல்லது அதற்கு மேல்.
3. வெறும் வயிற்றில் சர்க்கரை: 100 மி.கி. அல்லது அதற்கு மேல்.
4. டிரைகிளிசரைடு கொழுப்பு: 150 மி.கி. அல்லது அதற்கு மேல்.
5. நல்ல கொழுப்பாகிய எச்.டி.எல்.: ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 மி.கி.க்குக் கீழ்.

இவற்றுள் மூன்று பொருந்தினால் அதனை வளர்சிதை மாற்றக் கோளாறு என்கிறோம். மருந்தினால் ஓர் அளவு கட்டுக்குள் இருந்தாலும், அதனையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒவ்வொன்றும் ‘கொஞ்சம்தான் கூடுதல்’ என்று தோன்றலாம். ஒன்றுசேரும்போது தீங்கு பெருகுகிறது. வயிற்றினுள் சேரும் கொழுப்பு கல்லீரலைச் சென்றடைந்து டிரைகிளிசரைடை உயர்த்துகிறது. இன்சுலின் சரிவர வேலை செய்வதைத் தடுக்கிறது. சர்க்கரையும் அழுத்தமும் குழாயின் உட்சுவரைப் புண்படுத்த, அவ்வழியே கெட்ட கொழுப்பாகிய எல்.டி.எல். உட்புகுகிறது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய உடலமைப்பு நம்மிடையே மிகுதி. ஆதலால் எடையை மட்டும் பார்த்து ஆறுதல் கொள்ளற்க.

குழாய் சுருங்கியவர்கள் எல்.டி.எல். அளவையும் தவறாது பார்க்க வேண்டும். அது 70 மி.கி.க்குக் கீழ், சிலருக்கு 55-க்கும் கீழ் இருக்க வேண்டும். அளவு குறைந்ததும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். அது குறைந்திருப்பதே மருந்தினால்தான்.

‘இது பட்டணத்து நோய்’ என்ற எண்ணமும் இனிப் பொருந்தாது. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.–இந்தியாப் ஆய்வின்படி, இந்தியாவில் வயதுவந்த நூறு பேரில் ஏறத்தாழ 11 பேருக்கு நீரிழிவும், 35 பேருக்கு உயர் இரத்த அழுத்தமும், 39 பேருக்கு வயிற்றுப் பருமனும் உள்ளன. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் நகரத்துக்கும் கிராமத்துக்கும் வேறுபாடு காணப்படவில்லை.

வீட்டில் சமைப்போரின் பங்கு பெரிது. கம்பும் சோளமும் விளையும் கரிசல் மண்ணில் மூன்று வேளையும் அரிசியே உண்ண வேண்டியதில்லை. எனினும் கம்பிலும் மாவுச்சத்து உண்டு. அளவோடு உண்டு, பயறும் காய்கறியும் மிகுதியாகச் சேர்க்க வேண்டும். சர்க்கரைக்கு மாற்றாகக் கருப்பட்டியோ வெல்லமோ கொள்ளுதல் தவறு. கடலை நல்லது, கடலை மிட்டாயில் வெல்லப்பாகும் இருப்பதை மறவாதீர்கள். ஊறுகாய், கருவாடு, வற்றல் ஆகியவற்றிலுள்ள உப்பையும் சேர்த்து நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேற்படாதிருத்தல் வேண்டும். புகையிலையை எவ்வடிவிலும் தொடலாகாது.

மருத்துவரின் ஒப்புதலுடன், வெயில் ஏறுமுன் நாள்தோறும் அரை மணி நேரம் நடக்கவும். நீரிழிவு உள்ளவர்கள் செருப்பின்றி நடக்க வேண்டாம். காலில் முள் குத்தியதும் தெரியாமல் போகலாம். சர்க்கரைக்கு மருந்து எடுப்போர் தாமாக விரதம் இருக்கலாகாது.

நெஞ்சு அழுத்தம், தாடை அல்லது கைவலி, மூச்சுத் திணறல், திடீர் வியர்வை தோன்றினால், வாயு என்று சோடா குடித்துக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியின்றியும் மாரடைப்பு வரும். 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் மருந்து தரப்படுகிறது. சர்க்கரை, அழுத்த மாத்திரைகளை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியே வீட்டிலேயே பெறலாம். தொலைவைக் காரணமாக்கி மருந்தை விட வேண்டாம்.

அடுத்த முறை வரும்போது ஐந்து அளவுகளையும் எல்.டி.எல். அளவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கொண்டுவாருங்கள். ‘இனி மாத்திரை எதற்கு?’ என்னும் கேள்விக்கு அந்த எண்களை வைத்தே சேர்ந்து விடை காண்போம்.