வேலை வளைத்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்

விடியற்காலை, விரித்த பாய், ஆளரவமில்லாத மொட்டை மாடி. யோகா என்றால் இதைத்தான் படம் போடுகிறார்கள். மணியாச்சி, கடம்பூர், கோவில்பட்டிப் பக்கம் விடியற்காலை என்பது தண்ணீர் பிடித்து, சோறு பொங்கி, ரயிலுக்கோ களைக்கோ கிளம்புகிற நேரம். அதனால் முதலில் ஒன்றைக் கவனியுங்கள்: உங்கள் வேலை உடம்பை நாள் முழுக்க எந்த நிலையில் வைத்திருக்கிறது? பயிற்சி அதற்கு எதிர்ப்பக்கம் போகட்டும்.

மைசூரிலும் பின்பு சென்னையிலும் யோகா கற்பித்த டி.கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989), ஆளுக்கேற்பப் பயிற்சியை மாற்றிக் கொடுத்தவர். ஓர் ஆசனம் ஒரு பக்கம் இழுத்தால், அதைச் சமன் செய்ய மாற்று ஆசனம் உண்டு என்பது அவர் வழி வந்தவர்கள் கைக்கொள்ளும் முறை. எட்டு மணி நேர வேலையையும் ஓர் ஆசனமாக எண்ணிக்கொள்ளுங்கள். அதற்கும் மாற்று வேண்டும்.

யாருக்கு எது?

- தீப்பெட்டி ஆபீஸில் உட்கார்ந்து வேலை செய்பவர், வீட்டில் பெட்டி ஒட்டுபவர்: முதுகு கூனி, முழங்கால் மடங்கியே கிடக்கிறது. எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் எழ மனம் வராது. தண்ணீர் குடிக்க எழும்போதே கைகளை மேலே நீட்டி, தாடாசனத்தில் 5 மூச்சு நில்லுங்கள். மாலையில் சாப்பாட்டுக்கு முன், குப்புறப் படுத்து நெஞ்சை மெல்ல உயர்த்தும் புஜங்காசனம். பத்மாசனத்துக்கு அவசரமில்லை, சம்மணம்தான் பகலெல்லாம் போட்டாயிற்றே!
- களை எடுப்பவர்: உளுந்து, பாசிப்பயறுக் காட்டில் குனிந்த இடுப்புக்கு மறுபடி குனியும் ஆசனம் எதற்கு? மல்லாந்து படுத்து, பாதங்களை ஊன்றி இடுப்பை மெல்ல உயர்த்துங்கள்.
- கடையிலோ எந்திரத்தருகிலோ நிற்பவர்: கால்களைச் சுவரில் சாய்த்து 5 நிமிடம் படுங்கள்.
- ரயிலில் போய் வருபவர்: மணியாச்சியில் தூத்துக்குடி வண்டிக்குக் காத்திருக்கும்போது தோள்களைச் சுழற்றுங்கள். இழுப்பதைவிட விடும் மூச்சு நீளமாக இருக்கட்டும்.

பருவம் பார்த்து அளவு

கரிசல் மானாவாரி வடகிழக்குப் பருவமழையை நம்பியது. புரட்டாசி விதைப்பு தொடங்கித் தை அறுப்பு வரை உடம்புக்கு உழைப்பு தாராளம். அப்போது 10 நிமிட மூச்சுப் பயிற்சியும் சவாசனமும் போதும். பங்குனிக்கு மேல் காட்டுவேலை குறையும்போது ஆசனங்களைக் கூட்டுங்கள். வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள்.

எச்சரிக்கை

வயிறு நிறையச் சாப்பிட்டதும் செய்யாதீர்கள். ரத்த அழுத்தம், தீராத முதுகுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். வலிக்கிற இடத்தை வம்படியாக இழுக்க வேண்டாம்.

அளவு சரிதானா என்று அறிய எளிய வழி உண்டு. பயிற்சிக்குப் பின் வேலைக்குக் கிளம்ப உடம்பு சுணங்கினால், மறுநாள் பாதியாகக் குறையுங்கள். சுறுசுறுப்பாக இருந்தால் அந்த அளவிலேயே ஒரு மாதம் தொடருங்கள். கூட்டுவதை அப்புறம் யோசிக்கலாம்.