இரைப்பை அமிலத்தை அடக்கும் மருந்துகள்

ஐதராபாத்தின் மெட்டுகுடா இரயில்வே ஊழியர் பலர் வாழும் பகுதி. இரவுப் பணியும் நேரந் தவறிய உணவும் உள்ள இத்தகைய இடங்களில், வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை கேட்போரைக் களப்பணியாளர் அடிக்கடி காண்பர். அவர்கள் உட்கொள்வது பெரும்பாலும் ஒமிப்பிரசோல் அல்லது அதன் இனத்தைச் சேர்ந்த மருந்தாகும். 1984-இல் இந்நகரில் அஞ்சி ரெட்டி நிறுவிய டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் இதனை ‘ஒமேஸ்’ என்ற பெயரில் விற்கிறது. மருந்தின் பெயரை அறிந்தவர் பலர். உண்ணும் வேளையை அறிந்தவர் சிலரே.

இரைப்பைச் சுவரிலுள்ள சில உயிரணுக்கள் அமிலம் சுரக்கின்றன. ஹிஸ்டமின், காஸ்ட்ரின், அசெட்டைல்கோலின் ஆகியவை அவற்றைத் தூண்டும். தூண்டுவது எதுவாயினும், அமிலத்தை வெளியே தள்ளுவது ‘புரோட்டான் பம்பு’ எனப்படும் நொதியே. ஜேம்ஸ் பிளாக் குழுவினரின் சிமெட்டிடின் 1976-இல் விற்பனைக்கு வந்தது. அது ஹிஸ்டமினின் வழியை மட்டும் அடைத்தது. ஒமிப்பிரசோலோ பம்பையே முடக்குகிறது.

விழுங்கும்போது இம்மருந்து செயலற்றது. குடலில் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தின் வழியே அவ்வுயிரணுக்களை அடைந்து, அங்குள்ள கடும் அமிலத்தால் உருமாறிய பின்னரே பம்பைப் பற்றுகிறது. ஓய்ந்திருக்கும் பம்பு இதற்கு அகப்படாது. பம்புகள் பெருமளவில் இயங்குவது உணவு உட்கொள்ளும்போதுதான். மருந்தோ இரத்தத்தில் சில மணி நேரமே தங்கும். எனவே உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னர் விழுங்க வேண்டும். ‘காலையில் ஒன்று’ என்ற சொல் இரவுப் பணியாளரை மயக்கும். உறங்கி எழுந்தபின் உண்ணும் முதல் உணவையே அவர் கணக்கிற்கொள்ள வேண்டும். குளிகையிலுள்ள மணிகளைப் பொடித்தலோ மெல்லுதலோ ஆகாது. மேற்பூச்சு சிதைந்தால் இரைப்பை அமிலமே மருந்தை அழித்துவிடும். முழுப் பயன் கிட்டச் சில நாட்கள் ஆகும். உடனடி ஆறுதலுக்கு அமிலமுறி மருந்தே ஏற்றது.

நெடுநாள் உண்போர் திடீரென நிறுத்தினால் அமிலம் முன்னிலும் மிகுந்து சுரக்கக்கூடும். அதனை நோய் திரும்பியதாகக் கருதி மீண்டும் மாத்திரையை நாடுவோர் உண்டு. ஆண்டுக்கணக்கில் உண்போருக்கு வைட்டமின் பி12, மக்னீசியம் ஆகியவை குறையவுங்கூடும்.

புண்ணின் மூலத்தை இம்மருந்து எப்போதும் நீக்குவதில்லை. வாரன், மார்ஷல் ஆகியோர் 2005-இல் நோபெல் பரிசு பெற்றது, ஹெலிக்கோபாக்டர் பைலோரி என்னும் கிருமியின் பங்கை நிறுவியமைக்காகவே. அக்கிருமியை ஒழிக்க நுண்ணுயிர்க்கொல்லிகளும் வேண்டும். மூட்டுவலி மாத்திரைகளாலும் புண் உண்டாகும். ஆதலால் அவற்றைப் பற்றித் தவறாது வினவுக.

கரிய மலம், இரத்த வாந்தி, விழுங்க இயலாமை, காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவற்றுள் ஒன்று காணினும் நோயாளியை உடனே மருத்துவரிடம் அனுப்புக. நெஞ்சு இறுகி வியர்ப்பவருக்கு ‘வாயு’ எனக் கூறி இம்மாத்திரையை அளித்துக் காத்திருத்தல் கூடாது. அது மாரடைப்பாக இருக்கலாம்.