எண்ணெய் பாட்டிலைக் கொஞ்சம் கீழே வையுங்கள்!
வீட்டு மணம்: கேள்வி-பதில்

ஹாலில் வைக்கப் பாட்பூரி செய்தேன். காய்ந்த ரோஜா இதழ், ஆரஞ்சுத் தோல் எல்லாம் போட்டு, மேலே லாவெண்டர் வாசனை எண்ணெய் விட்டேன். மூன்றே நாளில் மணம் போய்விட்டது. இன்னும் கூடுதலாக விடலாமா?
– வாசகி, கும்பகோணம்

விடாதீர்கள். எனக்கு வரும் கடிதங்களில் பாதி இதே புலம்பல்தான். எல்லோரும் எண்ணெயைத்தான் சந்தேகப்படுகிறார்கள். மட்டமான எண்ணெய் என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு, விலை கூடியதை வாங்கி ஊற்றுகிறார்கள். அதுவும் மூன்று நாள்தான். மணத்தைப் பிடித்துவைக்க ஒன்றும் போடாமல் எண்ணெய் விடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதை. மெல்லிய இதழ், மேலே ஃபேன், எண்ணெய் எப்படி நிற்கும்?

மணத்தைப் பிடித்துவைக்க வெளிநாட்டுக் குறிப்புகளில் ஓரிஸ் வேர்த் தூள் என்று போட்டிருப்பார்கள். ஐரிஸ் செடியின் கிழங்கு அது. அதை ஆன்லைனில் தேடி அலைய வேண்டாம். தெருமுனை நாட்டு மருந்துக் கடையில் வெட்டிவேர், பால் சாம்பிராணி, பூலாங்கிழங்கு கேளுங்கள். கடலூர்ப் பக்கத்து மணலில் விளைகிற வேரை வைத்துக்கொண்டு இத்தாலிக் கிழங்குக்கு ஏங்குவானேன்? வெட்டிவேரின் எண்ணெய் கனமானது, மெதுவாகத்தான் ஆவியாகும். கூட இருக்கிற லேசான மணத்தையும் சீக்கிரம் போகவிடாது. கன்னோஜில் அத்தர் காய்ச்சுகிறவர்கள் பூவின் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவதும் இதற்காகத்தான்.

நாலு கப் காய்ந்த பூவுக்கு, கத்தரிக்கோலால் அரை அங்குலமாக நறுக்கிய வெட்டிவேர் அரை கப், ஒன்றிரண்டாக இடித்த சாம்பிராணி ஒரு மேஜைக்கரண்டி, பூலாங்கிழங்குத் தூள் ஒரு மேஜைக்கரண்டி. கம்ப்யூட்டர் சாம்பிராணியை இடித்துப் போடாதீர்கள், அதில் கரி இருக்கிறது. எண்ணெய் பதினைந்து, இருபது சொட்டு போதும். அதையும் பூவில் விடக் கூடாது. வேரிலும் தூளிலும் விட்டு, கண்ணாடி பாட்டிலில் இரண்டு நாள் மூடி வையுங்கள். அப்புறம்தான் பூ. எல்லாம் சேர்ந்த பிறகு அலமாரி இருட்டில் நாலு வாரம், அவ்வப்போது குலுக்கிவிடுங்கள். முதல் வாரம் திறந்தால் நெடி மூக்கைக் குத்தும். பயந்துவிடாதீர்கள், தானே அடங்கும்.

மதுரை மல்லியைக் காயவைத்தேன். பழுப்பாகிவிட்டது, மணமே இல்லையே?
– வாசகி, திருமங்கலம்

இருக்காது. மல்லிகையைத் தலையில் வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்தும் மணக்க மகிழம்பூ இருக்கிறது. திருவொற்றியூர்க் கோயிலுக்குத் தலமரமே அதுதான். உங்கள் ஊரிலும் எங்காவது ஒரு மகிழ மரம் நிற்கும். விடியற்காலையில் போனால் பூ தரையில் உதிர்ந்து கிடக்கும். மரிக்கொழுந்தும் நல்லது.

மிஞ்சிய வாசனை எண்ணெயைத் தேங்காய் எண்ணெயில் கலந்து தலைக்குத் தேய்க்கலாமா?
– வாசகர், ஓசூர்

தம்பி, பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தீர்களா? அறைக்கு என்று விற்பது அறைக்குத்தான். தோலில் படக் கூடாது. விளக்கிலும் ஊற்ற வேண்டாம்.

பாட்பூரியில் வெள்ளையாகப் பூஞ்சணம். வெயிலில் காயவைத்தால் சரியாகுமா?
– வாசகி, நாகர்கோவில்

ஆகாது. குப்பையில் போடுங்கள். ஐப்பசி அடைமழையில் ஆரம்பித்திருப்பீர்கள். இதழை விரலால் கசக்கினால் நொறுங்க வேண்டும். ஆரஞ்சுத் தோலை மடக்கினால் ‘படக்’கென்று உடைய வேண்டும்; வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. பங்குனி, சித்திரையில் நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் நிறமும் போகும், மணமும் போகும்.

எனக்கு மணமே தெரியவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் தலைவலி என்கிறார்கள். யாரை நம்புவது?
– வாசகி, சென்னை

வருகிறவர்களை. நாள் முழுக்க அதே அறையில் இருந்து உங்கள் மூக்குக்குப் பழகிவிட்டது. நீங்களும் தெரியவில்லை என்று சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக்கொண்டே போயிருப்பீர்கள். மூடியுள்ள கிண்ணத்துக்கு மாற்றுங்கள். விருந்தாளி வருவதற்கு அரைமணி முன்னால் திறந்து, வந்ததும் மூடிவிடுங்கள். மணம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்து வாசலில் நின்று பாருங்கள்.

வீட்டில் பூனை வளர்க்கிறோம். கிராம்பு எண்ணெய் சேர்த்துப் பாட்பூரி வைக்கலாமா?
– வாசகர், கோவை

வேண்டாம். கிராம்பு, பட்டை, எலுமிச்சை, டீ ட்ரீ எண்ணெய்கள் பூனைக்கு விஷம். அதன் கல்லீரல் தாங்காது. மேலே சிந்திக்கொண்டால் நக்கியே உள்ளே இறக்கிவிடும். எண்ணெயே விடாமல் வெட்டிவேரை ஜன்னலில் கட்டித் தொங்கவிடுங்கள்.

மேஜை மேல் கிண்ணம் வைத்த இடத்தில் வட்டமாக வெளுத்துவிட்டது. எப்படிப் போக்குவது?
– வாசகி, காரைக்குடி

மரக் கிண்ணமா, பிரம்புக் கூடையா? எண்ணெய் கசிந்து வார்னிஷை அரித்துவிட்டது, துடைத்தால் போகாது. ஆசாரியைக் கூப்பிட்டுப் புதிதாக வார்னிஷ் அடிக்கச் சொல்லுங்கள். பாட்பூரியைப் பீங்கான் கிண்ணத்துக்கு மாற்றி, அடியில் ஒரு தட்டும் வையுங்கள்.