தீயோடு போராடுவோர்

அபாயச் சங்கு ஒலிக்க, செந்நிற வண்டி சாலையில் விரைகிறது. நாம் வகுப்பறைச் சன்னலருகே ஓடுகிறோம். "எங்கே தீ?" என்று கேட்கிறோம். அவ்வண்டியில் செல்வோருக்கு என்ன நேரும் என்று மட்டும் கேட்பதில்லை.

1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற 'ஃபோர்ட் ஸ்டிக்கீன்' என்னும் கப்பலில் தீப்பற்றியது. அதில் பஞ்சுப் பொதிகளோடு வெடிமருந்தும் இருந்தது. தீயணைப்போர் நீரைப் பாய்ச்சிக்கொண்டிருந்தபோதே, மாலை நான்கு மணியளவில் கப்பல் வெடித்துச் சிதறியது. அவர்களுள் 66 பேர் மாண்டனர். அந்நாளையே நம் நாடு தேசியத் தீயணைப்புப் பணி நாளாகக் கடைப்பிடிக்கிறது. நமக்கோ அது சித்திரைப் புத்தாண்டு விடுமுறை!

வெடிப்பு எல்லோர் கண்ணுக்கும் தெரியும் ஆபத்து. தெரியாத ஆபத்துகள் மூன்றையும் நாம் அறிதல் வேண்டும்.

முதலாவது, புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் அற்ற இவ்வாயு, இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் வலிமையாகப் பிணைகிறது. மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே உடல் பிராணவாயு இன்றித் தவிக்கும். எனவேதான் அவர்கள் முதுகில் காற்றுக்கலன் சுமக்கின்றனர்.

இரண்டாவது, வெப்பம். தீயைத் தடுக்கும் தடித்த உடை, உடலின் சூட்டையும் வெளியே விடுவதில்லை. வியர்வையால் நீர் வற்ற, இதயம் பெரும்பாடு படுகிறது. அமெரிக்காவில் பணியின்போது இறக்கும் தீயணைப்போருள் பலரைக் கொல்வது தீக்காயம் அன்று. திடீரென நின்றுவிடும் இதயமே.

மூன்றாவது, கரி. தீ அணைந்த பின்னும் உடையிலும் தோலிலும் படிந்த நஞ்சு உடலுக்குள் புகுகிறது. 2022இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, தீயணைப்புத் தொழிலையே புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதல் தொகுதியில் சேர்த்தது. பணி முடிந்ததும் குளிப்பதும், அழுக்கு உடையை வீட்டிற்குக் கொண்டு செல்லாதிருப்பதும் இதனாலேயே அவசியம்.

தோழியரே, நாம் செய்யக்கூடியது என்ன? 101 அல்லது 112 எண்ணில் அழைக்கும்போது இடத்தைத் தெளிவாகச் சொல்வோம். உள்ளே ஆட்கள் உண்டா, எரிவாயு உருளை உண்டா, இரசாயனம் உண்டா என்பதையும் மறவாமல் சொல்வோம். வண்டிக்கு வழி விடுவோம். வேடிக்கை பார்க்கக் கூடாதிருப்போம். நாம் சொல்லும் ஒரு சொல், நம்மைக் காக்க வருபவரையும் காக்கும்.